எட்டாவது ஆள்

அந்தத் தகடு வெட்டும் பட்டறை பதினோரு வருடத்தில் மூன்று முறை செத்தது. மூன்று முறையும் அடுத்த வாரமே வேறு பெயரில் எழுந்து உட்கார்ந்தது.

சின்னத் தொழில்கள் எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கின்றன என்று அரசாங்கத்தின் வேலைப் பதிவேடுகளை வைத்துப் பார்ப்பது என் வேலை. முதலாளி பெயர்ப்பலகையை மாற்றுவான். பழகிய ஆட்களை விடமாட்டான். எட்டுப் பேர் இருந்த இடம் மூடி, அதில் ஏழு பேர் ஒன்றாக இன்னோர் இடத்தில் முளைத்தால் அது பழைய பட்டறையேதான். எட்டாவது ஆளை 'வேறு வேலைக்குப் போனவர்' என்று தள்ளிவிடுவோம். இங்கே எனக்கு அந்த எட்டாவது ஆள்தான் உறுத்தினான். மூன்று முறையும் ஒருவன் விடுபட்டிருந்தான். மூன்று பேரின் தொழிலாளர் எண்ணும் அதற்குப் பிறகு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

சந்தேகம் வந்தால் முதலாளிக்கே கடிதம் போட்டுக் கேட்பது எங்கள் அலுவலக வழக்கம். நானும் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். கடைசியாக விடுபட்டவனின் எண்ணைக் குறிப்பிட்டு, 'இவர் ஏன் விலகினார்?' என்று. எனக்கு அது வெறும் எண். முதலாளிக்கு அது ஒரு முகம், ஒரு வீட்டு வாசல். இந்தப் புத்திகூட இல்லாமல் பதினாலு வருடம் அந்த நாற்காலியைத் தேய்த்திருக்கிறேன்.

நாலாம் நாள் ஒரு பெண் அந்தக் கடிதத்தோடு வந்து நின்றாள். அவள் முழங்கை வரை ரத்தம் காய்ந்திருந்தது.

"இதைப் போட்டது யாருங்க?"

"நான்தாம்மா."

"என் வீட்டுக்காரர் யார்கிட்டயும் எதுவும் சொல்லலைங்க. ரெண்டு வருஷம் முன்னாடி மெஷின் அவரோட வலது கையை நறுக்கிடுச்சு. ஆஸ்பத்திரியிலயே முதலாளி வந்து, அடிபடுறதுக்கு முந்தின மாசமே வேலையை விட்டுட்டதா எழுதி, இடது கட்டைவிரலைப் பிடிச்சு அமுக்கிட்டுப் போனான். அப்பவும் இவர் வாயைத் திறக்கலை. இன்னைக்குக் காலையில இந்தக் காகிதத்தை மூஞ்சில எறிஞ்சு, 'ஆபீஸ்ல போய் ஊதிட்டியாடா'ன்னு..."

மிச்சத்தையும் சொன்னாள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, இடது கையை வாசல்படியில் வைத்து, முதலாளி இரும்புக் குழாயால் அடித்திருக்கிறான். விரல் விரலாக, ஐந்தையும்.

எனக்கு ரத்தம் கொதித்தது, அவன் மேலும் என் மேலும். மூன்று எண்கள், பட்டறை மாற்றிய பெயர்கள், தேதிகள் எல்லாவற்றையும் அச்செடுத்தேன். பதிவேட்டை வெளியே கொண்டுபோனால் வேலை போய்விடும். போகட்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போலீசுக்குப் புகார் எழுதி, அவள் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன்.

"என்னாலதான் உங்களுக்கு இப்படி ஆயிடுச்சு அண்ணா."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "மத்த ரெண்டு பேரையும் எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"முதல் ஆள் மெஷினுக்குள்ளயே செத்தான். அதையும் எழுதுங்க. நான் பாத்தேன்."

எழுதினேன். கையெழுத்து இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. மைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விழித்தேன். அவருடைய வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. இடது கை முழுக்கக் கட்டு, அதிலும் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது.

அவர் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு வலது காலை என் பக்கம் நீட்டினார்.

"கட்டைவிரல் இங்கயும் இருக்கு. சீக்கிரம் மையைத் தடவுங்க தங்கச்சி. அடுத்து இதுக்குத்தான் வருவான்."