ரசமட்டம் வைத்த கலப்பை

கலப்பை கோணலாக இருக்கிறது என்று முதலில் சொன்னது யார் என்று ஜெனெலுக்குத் தெரியாது. காபிக் கோப்பையும் கையுமாக வண்டி வரிசையைச் சுற்றி வந்த ஆண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய் வெர்லின், உன் கலப்பைக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் அப்பா வெர்லின் லுட்கேவும் சிரித்தார். ஆனால் அவர் காது சிவந்துபோனதை அவள் பார்த்தாள். அந்தக் காது சிவந்தால் வீட்டில் யாருக்காவது அன்றைக்கு நல்ல நாள் இல்லை என்று அர்த்தம்.

அது செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை, பழைய தோட்ட டிராக்டர் சங்கத்தின் உழவு நாள். தீவன மில்லின் சிமென்ட் முற்றத்தில் முப்பது வண்டிகளைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் அறுபது வருடத்துக்கு முந்திய சாமான்கள், குட்டிக் குதிரை உயரம். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒற்றைக் கொழு இரும்புக் கலப்பை. முப்பதில் இருபது வண்டிகள் அந்தக் கலப்பையை நகை மாதிரி மாட்டிக்கொண்டு வந்தவை. மண்ணைத் தொட்டால் பெயின்ட் போய்விடும் என்று பயப்படுகிறவர்களின் வண்டிகள்.

ஜெனெலின் வண்டி உழ வந்த வண்டி. அவளுடையது என்று அவள்தான் சொல்லிக்கொள்வாள். சங்கத்தின் பதிவுச் சீட்டில் 'உரிமையாளர்: வெர்லின் லுட்கே, ஓட்டுநர்: டெரெக் லுட்கே' என்று இருந்தது. டெரெக் அவள் தம்பி. மூன்று வருடம் இளையவன்.

போன வருடம் ஒரு பண்ணை ஏலத்தில், இடிந்துபோன கோழிக் கொட்டகைக்குப் பின்னால் அந்த வண்டி கிடந்தது. இருக்கை இருந்த இடத்தின் வழியாக ஒரு மரக்கன்று வளர்ந்து அவள் தோள் உயரம் வந்திருந்தது. அப்பா பழைய இரும்பு என்றார். அவள் மரத்தை அறுத்துவிட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்திருந்தது. மூன்று வாரம் எண்ணெயில் ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி அதை விடுவித்தாள். கார்புரேட்டரைப் புதிதாக்கினாள். வயரிங் எல்லாம் எலி தின்றிருந்தது, ஒவ்வொன்றாகப் புதிதாக இழுத்தாள். டெரெக் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பெயின்ட் அடித்தான். பெயின்ட் நன்றாகத்தான் அடித்தான். பார்க்கிறவர்களுக்குத் தெரிவதும் அதுதான்.

கலப்பை வேறொரு கம்பெனி வண்டிக்குச் செய்தது. அதை இந்த வண்டியில் மாட்டும் இணைப்பு எங்குமே கிடைக்கவில்லை. பழைய விளம்பரத் தாளில் இருந்த படத்தை அளந்து, அவளே அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு அரை அங்குலத் தகட்டில் அறுத்து, வெல்டிங் வைத்துச் செய்தாள். கோணத்தை மாற்ற அதில் ஒரு நீள்துளை, இரண்டு போல்ட். சரியான கோணத்தில் நிற்கும்போது இரண்டு தகட்டிலும் ஒன்றுக்கு நேர் ஒன்றாகப் புள்ளி அடித்துவைத்தாள்.

ஏப்ரலில் அப்பாவுக்குத் தோள்பட்டை ஆபரேஷன். வீட்டுக்கு வந்த வாரமே, சமையலறை மேசையில் உட்கார்ந்து சொன்னார். இனிமேல் தன்னால் ஸ்பேனர் பிடிக்க முடியாது, பனிக்காலத்துக்குள் கடையை யாரிடமாவது கொடுக்க வேண்டும். நாற்பது வருடமாக அவர் நடத்திய சின்ன இன்ஜின் கடை. ஜெனெல் தனக்கு வேண்டும் என்று கேட்டாள். சுற்றி வளைக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் அவள், மெக்கானிக்கல் படித்தவள், நகரத்துத் தொழிற்சாலையில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு இந்தக் கடைக்காகவே திரும்பி வந்தவள். டெரெக் தீவன லாரி ஓட்டுகிறான், அவனுக்கு வேலை இருக்கிறது. அப்பா உப்பு ஜாடியை ஒரு பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்.

"உழவு நாளன்னிக்கு அந்த வண்டி சங்கத்துக்காரங்க முன்னாடி ஒழுங்கா ஒரு பாத்தி உழுதுடுச்சுன்னா, கடை உனக்கு. இல்லன்னா என்னைக் கேக்காத."

அவள் சரி என்றாள். தானே ஓட்டுகிறேன் என்றதற்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. உறுப்பினர் படிவத்தில் குடும்பத்துக்கு இரண்டே பெயர். இரண்டாவது பெயர் டெரெக்குடையது, அவனுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அப்பா எழுதியது. அப்போது அவளுக்குப் பதினைந்து. அந்தக் கோட்டில் அவள் பெயரை எழுத யாருக்கும் தோன்றவில்லை. மாற்றலாமே என்று கேட்டாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

இப்போது சிமென்ட் முற்றத்தில் அப்பா குனிந்து கலப்பையைப் பார்த்தார். உண்மைதான், பார்க்கக் கோணலாகத்தான் இருந்தது. மேல்பக்கம் இடது புறம் சாய்ந்து, குடித்தவன் மாதிரி நின்றது.

"டெரெக், அந்த ரசமட்டத்தை எடுத்துட்டு வா," என்றார்.

ஜெனெல் முன்னால் வந்தாள். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்றாள். இரண்டாம் சாலிலிருந்து வலது சக்கரங்கள் முந்தின சாலின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும், இடது சக்கரங்கள் மேட்டில் ஓடும், வண்டி வலப்பக்கம் சாயும். சாய்ந்த வண்டியில் கலப்பை நேராக நிற்க வேண்டுமென்றால் சமதரையில் அது இடப்பக்கம் கோணியிருக்க வேண்டும். கடையில் இடது சக்கரங்களுக்கு அடியில் ஆறு அங்குலக் கட்டை வைத்துத்தான் அதைப் பொருத்தினேன், நீங்களும் பார்த்தீர்களே என்றாள்.

பார்த்திருந்தார். எதற்குக் கட்டை என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். வெர்லின் லுட்கே வாழ்நாளில் ஒரு சால் உழுததில்லை. அவர் புல்வெட்டிகளின் ஆள். அந்த ஊரில் ஓடும் எல்லாப் புல்வெட்டிகளும் அவர் கை பட்டவை. புல்வெட்டியைச் சமதரையில் நிறுத்தி, வெட்டும் தட்டை ரசமட்டம் வைத்துத் தூக்கிக் கட்டவேண்டும், மயிரிழை பிசகினாலும் புல் படிப்படியாக வெட்டுப்படும். நாற்பது வருடம் அவர் கண்ணுக்குப் பழகிய நேர் அது ஒன்றுதான்.

டெரெக் ரசமட்டத்தைக் கலப்பையின் மேல் வைத்தான். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. சுற்றி நின்றவர்களில் ஒருவன் விசிலடித்தான்.

"காலேஜ்ல கோணல்னு ஒரு தனிப் பாடமே வெச்சிருப்பாங்க போல," என்றான் டெரெக். அதற்குப் பெரிய சிரிப்பு.

"அதைத் தொடாத. முதல் சாலுக்கு மார்க் கிடையாது. ரெண்டாவதுலதான் இது வேலை செய்யும். சொன்னா கேளு," என்றாள் ஜெனெல்.

"ஜென்," என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. "எல்லாரும் பாக்கறாங்க. பேசாம இரு."

டெரெக் இரண்டு போல்ட்டையும் தளர்த்தினான். கலப்பையை நிமிர்த்தினான். குமிழி நடுவுக்கு வந்து நின்றது. அவள் அடித்த இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று விட்டு விலகி, விரற்கடை தள்ளி நின்றன. போல்ட்டை முறுக்கிவிட்டு அவன் கலப்பையை உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தான். அப்பாவின் காது பழைய நிறத்துக்கு வந்தது.

வயலில் ஆளுக்கு ஒரு பாத்தி பிரித்துக் கொடி நட்டிருந்தார்கள். உறுப்பினர் அட்டை இல்லாதவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். ஜெனெல் கயிற்றுக்கு வெளியே நின்றாள். பக்கத்தில் மாதா கோவில் பெண்கள் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

டெரெக்கின் முதல் சால் அழகாக விழுந்தது. நாலு சக்கரமும் மேட்டில் ஓடுவதால் ரசமட்டம் வைத்த கலப்பைக்கு அது பொருத்தமான சால். கறுப்பு மண் ரிப்பன் மாதிரி புரண்டு படுத்தது. அப்பா சங்கத் தலைவரின் தோளில் தட்டி எதையோ சொன்னார். தலைவர் தலையாட்டினார். டெரெக் கயிற்றுப் பக்கம் திரும்பி அவளைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கிக் காட்டினான். ஒரு நொடி அவளுக்கே சந்தேகம் வந்தது, நான்தான் தப்போ என்று. அந்த நொடிக்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

இரண்டாம் சாலில் வலது சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கின. வண்டி சாய்ந்தது, கலப்பையும் அதோடு சாய்ந்தது. கொழு ஒரு மூலையைக் குத்திக்கொண்டு உள்ளே போனது. மண் புரளவில்லை. எழுந்து நின்று, யோசித்து, வந்த வழியே பள்ளத்துக்குள் திரும்ப விழுந்தது. டெரெக் நெம்புகோலைத் தூக்கினான், கலப்பை மேலே வந்து பத்தடிக்கு வெறும் கீறல். இறக்கினான், மறுபடி குத்தியது. பெல்ட் அலறி, ரப்பர் கருகும் வாடை கயிறு வரைக்கும் வந்தது.

ஜெனெல் கயிற்றைத் தாண்டிக் காலை வைத்தாள். கயிற்றோரம் காவல் நின்ற கொடிக்காரர் கையை நீட்டி மறித்தார். அட்டை எங்கே என்றார். அவள் உள்ளே நின்ற அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்.

"ரெண்டு போல்ட்டுப்பா. புள்ளிக்குப் புள்ளி வெச்சு முறுக்கினா போதும். அவனை நிறுத்தச் சொல்லுங்க."

அப்பாவுக்குக் கேட்டது. கேட்டது என்பது அவர் முகத்தைத் திருப்பிய விதத்தில் தெரிந்தது. மட்டம் பார்த்தாயிற்று என்பதுபோல் உள்ளங்கையைக் கிடையாக நீட்டி ஆட்டினார்.

மீதிச் சால்களும் அப்படியே போயின. மதிப்பெண் போடுகிறவர்கள் கழியை ஊன்றி ஆழம் பார்த்துக்கொண்டே வந்தார்கள். லுட்கே பாத்தியின் பாதியில் நிறுத்திக் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்கள். அதைவிடப் பெரிய மரியாதைக்குறைவு அந்தச் சங்கத்தில் கிடையாது. பன்றிகள் கிண்டிய இடம் மாதிரி கிடந்தது பாத்தி.

டெரெக் இறங்கி வியர்வையைத் துடைத்தான். வண்டி தங்கம் மாதிரி ஓடியது, பொருத்தினதுதான் சரியில்லை, அக்கா வீட்டிலேயே செய்த இணைப்பு என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னான். அப்பா மறுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அதையே கொஞ்சம் கனிவாகச் சொன்னார். பெண் நல்ல புத்திசாலி, ஆனால் படிப்பு வேறு, கை வேலை வேறு. அப்புறம் யாரும் கேட்காமலே, நவம்பரிலிருந்து கடையை டெரெக் பார்த்துக்கொள்வான் என்றார். டெரெக் பன்னைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கே அது புதுச் செய்தி என்பது அவன் மெல்லுவதை நிறுத்தியதில் தெரிந்தது.

ஜெனெல் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். குப்பைத் தொட்டி பக்கம் ஆர்லோ ப்ரன்னர் வந்து நின்றார். எழுபது வயது, மூன்று வருடமாக அந்தப் போட்டியில் முதல் இடம். அவர் வண்டியில் உட்கார்ந்தபடியே கோணத்தைத் திருக ஒரு கைப்பிடி உண்டு. முதல் சால் முடிந்ததும் அவர் அதை எட்டுச் சுற்றுச் சுற்றியதை அவள் கயிற்றுக்கு வெளியிலிருந்து எண்ணியிருந்தாள்.

"நீ வெச்சிருந்ததுதான் சரி," என்றார். "காலைலயே பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"அப்பனுக்கும் மகனுக்கும் நடுவுல நான் எதுக்குப் பூரணும்னு விட்டுட்டேன்."

"அப்பனுக்கும் மகனுக்கும் நடுவுலயா? அப்ப நான் எங்க நின்னுட்டிருந்தேன், ஆர்லோ?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவர் மனைவி சுட்ட ஆப்பிள் பை நன்றாக இருக்கும், ஒரு துண்டு எடுத்துக்கொள் என்றார். அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

வயலில் ஒருவரும் இல்லை. கொடிக்காரரும் சாப்பிடப் போயிருந்தார். அவள் கயிற்றைத் தாண்டினாள். கலப்பையில் அப்பியிருந்த மண்ணைப் பூட்ஸால் தட்டிவிட்டு, போல்ட்டுகளைத் தளர்த்தி, புள்ளிக்கு நேராகப் புள்ளி வைத்து முறுக்கினாள். வண்டியை உதைத்துக் கிளப்பும் வேலையெல்லாம் இல்லை, சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. அதையும் அவள்தான் அப்படி ஆக்கியிருந்தாள். வயலின் ஓரத்தில், யார் பாத்தியிலும் சேராத துண்டில், வலது சக்கரங்களைப் பக்கத்துப் பாத்தியின் கடைசிச் சாலுக்குள் இறக்கி ஓட்டினாள்.

மண் புரண்டது. தடுமாறவில்லை, திரும்ப விழவில்லை. அறுவடைத் தாள் முழுக்க அடியில் போய், சீவி வைத்த மாதிரி மடிந்து மடிந்து படுத்தது. வயலின் கோடி வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். இன்றைக்கு அந்த வயலில் ஆர்லோவின் சாலுக்கு அடுத்து அப்படி ஒரு சால் இல்லை.

சாலின் தொடக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். இன்ஜின் சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். அவள் இறங்கி நடந்து வந்தாள். அவர் குனிந்து, நல்ல கையை விரித்து, புரண்ட மண்ணின் மேல் வைத்துப் பார்த்தார். ஆழத்தை விரலால் அளந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அந்த முகத்தில் இருக்கும் எல்லாமே அவளுக்குப் பாடம். அவள் காத்திருந்தாள்.

"தெரிஞ்சிருந்துச்சு உனக்கு," என்றார் நிமிர்ந்து. "அப்ப அவன் ஓட்டறப்பவே இப்படி வெச்சுக் குடுத்திருக்கலாம்ல? தம்பியை எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்தணும்னு பாத்துட்டிருந்தியா?"

அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. காலையில் சொன்னது, கயிற்றுக்கு வெளியிலிருந்து கத்தியது, எல்லாம். அதையெல்லாம் திருப்பிச் சொல்லிப் பயனில்லை என்று தோன்றியது. அவருக்கு நேர் என்பதே வேறு.

வண்டி நின்ற கோடிக்குத் திரும்பி நடந்தாள், அப்பாவும் பின்னாலேயே வந்தார். டூல் பெட்டியைத் திறந்து பெரிய ஸ்பேனரை எடுத்தாள். மண்டியிட்டு, கலப்பையைக் கழற்றிச் சாலுக்குள்ளேயே விட்டாள். பிறகு வண்டியோடு இணைப்பைப் பிடித்திருந்த நாலு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். என்ன பண்றே, என்ன பண்றே என்று அப்பா இரண்டு தடவை கேட்டார்.

"வண்டி உங்களுது. பெயின்ட் அவனுது," என்றாள். "இது நான் செஞ்சது."

இணைப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டி மில் முற்றத்துக்கு நடந்தாள். இருபது கிலோ இருக்கும். தகட்டின் விளிம்பு கழுத்தெலும்பில் அறுத்தது. பாதி வழியில் அவளுக்கே உறைத்தது, அந்த ஒரு வண்டிக்காக அளந்து அறுத்தது அது, உலகத்தில் வேறெந்த வண்டிக்கும் பொருந்தாது. அவள் இறக்கி வைக்கவில்லை.