யாரும் நாடகம் பார்க்காத திங்கட்கிழமை

1

ஒரு அரைப் பக்கத்தை நிரப்பத் தெரியாமல் பிறந்த கதை இது. எங்கள் ஆலயத்தின் மாதப் பத்திரிகையைத் தொகுப்பது என் வேலை. போதகர் லொரெய்ன் அம்மா ஒருநாள் சொன்னார்: "எல்லாரும் அந்தப் போலீஸ் நாடகத்தப் பத்திதான் பேசறாங்க. நாலு பேர் கருத்த வாங்கி அரைப் பக்கம் போடுங்களேன்."

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியில் வரும் நாடகம். லஞ்சம் வாங்கும் காவலர்களை, காவல்துறைக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு குழு துரத்துகிறது. எல்லோரையும் மேலிருந்து ஆட்டிவைக்கும் அதிகாரி யார் என்பது ஐந்து வாரமாகியும் தெரியவில்லை. அதற்காக எங்கள் மாலை ஆராதனையைக்கூட அரை மணி முன்னே தள்ளினோம். (தேவன் பொறுத்துக்கொண்டார். முடிவு தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.)

கருத்துகள் குவிந்தன. ஆனால் ஒருவருடைய கருத்தை மட்டும் நான் கேட்கவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "யார்க்‌ஷயரின் அந்தச் சிற்றூரில் மழை பெய்துகொண்டிருந்த—" வேண்டாம். இங்கிலாந்தின் இந்த மூலையில் எப்போதும் மழைதான்.

இரண்டாவது: "கிளிஃபர்ட் கெட்டவர் அல்ல, அவர்—" இதையும் அடித்துவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்?

ஆலயக் கூடத்தின் திங்கட்கிழமைத் தேநீரிலிருந்தே தொடங்குகிறேன். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். நாடகத்தில் அவரவர் சந்தேகப்படும் அதிகாரியின் பெயரை அதில் எழுதலாம்.

"டன்ஸ்டன்தான்யா! மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா?" என்றார் டெஸ்மண்ட். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"முதல் வாரம் உனக்கு அந்த வீட்டுப் பூனை மேலயே சந்தேகம் வந்துச்சு" என்றார் பெரில். எண்பது வயதுக்காரர்.

"எவனா இருந்தா என்ன? போலீஸ்காரனே திருடனா? சாகற வரைக்கும் உள்ள போடணும். ஒரு வாய் டீ குடுக்கக் கூடாது!"

இப்படிச் சொன்ன டெஸ்மண்டுக்கு அப்போது தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நொரீன். கோப்பை நிரம்பி வழிந்து தட்டும் நிரம்பியது. நொரீனின் கணவர் கிளிஃபர்ட் இதே ஊரில் சார்ஜெண்டாக இருந்தவர்; பதினெட்டு மாதச் சிறை முடிந்து வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

டெஸ்மண்டுக்கு அது மறந்துபோயிருந்தது. நினைவு வந்ததும் காதுவரை சிவந்து, தட்டில் வழிந்த தேநீரையும் குடித்து முடித்தார்.

3

கிளிஃபர்ட்டைப் பற்றி எனக்குத் தீராத ஐயம். முதல் வரைவில், மனைவியின் நோய்க்காகக் கை நீட்டியவராக அவரை எழுதியிருந்தேன். பொய். நொரீனுக்குச் சளிகூடப் பிடித்ததில்லை. கிளிஃபர்ட்டோடு கிரிக்கெட் ஆடிய ஒருவன் திருட்டுத் தொழிலில் இருந்தான். சோதனைக்கு ஆள் வருகிறது என்று அவனுக்கு இருமுறை முன்கூட்டியே சொல்லி, அதற்குப் பணமும் வாங்கினார். அவ்வளவுதான்.

[இங்கே ஒரு குறிப்பு. அப்படித் தப்பியவன் அடுத்த மாதம் பெரிலின் வீட்டில் புகுந்தான். இறந்த கணவரின் கடிகாரம் போயிற்று. திரும்பக் கிடைக்கவேயில்லை. கதையை மென்மையாக்க இதை நீக்கலாமா என்று நினைத்தேன். நீக்கினால் மன்னிப்பு என்ற சொல்லுக்கு எடை இராது.]

4

அன்று சமையலறையில் நொரீன் என்னிடம் சொன்னார்:

"வாசப்படி தாண்டவே மாட்டேங்கறாருங்க. கஷ்டப்பட்டு அடுத்த திங்கள் வர்றதுக்குச் சம்மதிக்க வெச்சிருக்கேன். அன்னிக்கு முகம் சுண்டித் திரும்பினாருன்னா, அப்புறம் எந்தக் கதவையும் திறக்க மாட்டாரு."

நான் மற்றவர்களிடம் பேசினேன். எல்லோரும் நல்லவர்கள், உடனே ஒத்துக்கொண்டார்கள். தாளை எடுத்துவிடுவது. நாடகத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. யோசனை என்னுடையது. அன்பினால் செய்தேன் என்று அப்போது நம்பினேன்

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

5

அடுத்த திங்கள். முந்தைய இரவுதான் கடைசிப் பகுதி. பெரிய அதிகாரி யாரென்று நாடே அறிந்துவிட்டது. எங்கள் கூடத்தில் மட்டும் எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

கிளிஃபர்ட் வந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டார். கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஒத்திகை பார்த்து வந்தவர்போல, "நேத்து... பாத்தீங்களா?" என்றார்.

"எதை?" என்றேன் நான்.

"நான் எட்டு மணிக்கே தூங்கிட்டேன்பா" என்றார் டெஸ்மண்ட். "இந்த வருஷம் நத்தைத் தொல்லை பாத்தியா? முட்டைக்கோசு ஒண்ணு மிச்சமில்ல."

"ஆமாமா, நத்தை" என்றார்கள் நாலைந்து பேர்.

கிளிஃபர்ட் பலகையைப் பார்த்தார். தாள் இல்லை. அதைப் பிடித்திருந்த நான்கு குண்டூசிகள் அப்படியே இருந்தன. அவருக்குப் புரிந்துவிட்டது. குற்றவாளிகளைக் கண்டுபிடிப்பது ஒருகாலத்தில் அவர் தொழில். ஒரு கூடம் முழுக்கச் சொல்லும் பொய்யா தெரியாது?

கோப்பையை வைத்தார். கோட்டை எடுத்தார். நொரீன் தேநீர்க் கெண்டியோடு நின்றுவிட்டார்.

"கிளிஃபர்ட்" என்றார் பெரில். "இவங்க எல்லாரும் பாத்தாங்க. நானும் பாத்தேன். இந்த டெஸ்மண்ட் காலையிலயே எனக்குப் போன் பண்ணி அழுதான்."

"அழல, சளி" என்றார் டெஸ்மண்ட்.

"உன்ன மன்னிச்சிட்டேனான்னு கேக்காத. அது எனக்கே இன்னும் தெரியல. ஆனா நேத்து முடிவு எனக்குப் பிடிக்கவேயில்ல. உனக்கு?"

கோட்டுக்குள் கிளிஃபர்ட்டின் ஒரு கை நுழைந்திருந்தது. மற்றது இன்னும் வெளியே.

6

ஒரு முடிவு: அவர் உட்கார்கிறார், டெஸ்மண்டோடு சண்டை போடுகிறார், தேநீர் இரண்டாம் சுற்று வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே இதை நம்பப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று: கதவு சாத்தும் ஒலி. நொரீன் கோப்பைகளைக் கழுவுகிறார். இதை எழுதுவது எளிது. கண்ணீர் வரவழைக்கும், பாராட்டும் கிடைக்கும். ஒரு மனிதரை மழையில் அனுப்பிவிட்டுப் பாராட்டு வாங்க எனக்கு மனமில்லை.

பெரிலின் பக்கத்து நாற்காலியில் என் கைப்பை இருக்கிறது. அதை எடுத்துவிட்டேன். ஆசிரியராக நான் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், ஆகவே நீங்களும் கூடத்துக்குள்தான் இருக்கிறீர்கள். கிளிஃபர்ட் இப்போது உங்களைப் பார்க்கிறார். நல்லதாகச் சொல்லுங்கள், கடுமையாகச் சொல்லுங்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நாடகம் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.