நிற்காத பாட்டு

தையல்காரர் மூன்றாவது முறையாக ஓட்டுநர் தேர்வுக்கு வந்திருந்தார். வண்டி மச்சானுடையது. அதில் சிக்கிக்கொண்ட கேசட்டில் ஒரே ஒரு ராக் பாட்டு. அதன் போக்கில்தான் வண்டி ஓடும். சரணத்துக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம், பல்லவிக்கு எண்பது. பிரேக் என்பது பேச்சுக்குத்தான்; பாட்டு முடிந்தால்தான் வண்டி நிற்கும். கிடார் தனியாக வெளுத்து வாங்கிய இடத்தில் அவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கோட்டுல நிறுத்துங்க," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேர்வு அதிகாரி.

தையல்காரர் கேசட்டைப் பார்த்தார். அது முடிகிற பாட்டு அல்ல. பல்லவியே திரும்பத் திரும்ப வந்து தேய்ந்து மறைகிற பாட்டு. வண்டியும் தேய்ந்து தேய்ந்து, எறும்பு வேகத்தில் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

அதிகாரி நிதானமாக இறங்கிக் கூடவே நடந்தார். "பெயில். அடுத்த தடவை முடிவுள்ள பாட்டா போட்டுட்டு வாங்க."

"கேசட் வெளிய வராதே, சார்."

"அப்ப மச்சானை மாத்துங்க."