பாணியின் காபி மெஷின்

சக்கரபாணி மெஷினின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூக்கு என்றால் பாலை நுரைக்க வைக்கிற ஆவிக் குழாய். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, குழாயைச் சுற்றிப் பிடித்து, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தான். புஸ்ஸென்று ஒரு தடவை ஆவியை விட்டான். குனிந்து நுனியைப் பார்த்தான். திருப்தியில்லாமல் மறுபடியும் துடைத்தான். பக்கத்து அறையில் அம்மா ஈரத்தில் கிடந்தாள். வாடை சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. அவன் பனியன் கழுத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான்.

"பால் காஞ்சி ஒட்டிக்கிச்சின்னா நாத்தம் புடிச்சிடும்க்கா. ஒடனே தொடைச்சிடணும்."

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அம்மாவின் வாடையால் இல்லை, அது எனக்கு எப்போதோ பழகிவிட்டது. நாற்றத்தைப் பற்றி இவன் எனக்குப் பாடம் எடுக்கிறானே, அதனால். வாளியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

என் தம்பிதான். பிரெஞ்சு குடியுரிமை இருக்கிற வீட்டில் பெண் எடுத்துப் பிரான்சுக்குப் போனவன். முத்தியால்பேட்டையில் இது ஒரு அதிசயமும் இல்லை, எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் அங்கே இருக்கிறார்கள். போன தடவை வந்தபோது இந்த மெஷினைப் பெட்டிக்குள் துணிமணிக்கு நடுவே சுற்றி, கைப்பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவந்தான். இங்கே கிடைக்கிற காபி அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லையாம். அவன் இல்லாதபோது துணி போட்டு மூடி வைக்க வேண்டும், யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. அவன் ஊருக்குப் போன கொஞ்ச நாளிலேயே அம்மா பக்கவாதத்தில் விழுந்தாள். வலது பக்கம் முழுசாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு இப்போதுதான் வந்திருக்கிறான்.

அம்மாவைப் பார்க்கப் பிள்ளை வந்துவிட்டான் என்று தெருவெல்லாம் பேச்சு. பார்க்கத்தான் வந்தான், பார்த்தான். நிலைப்படிக்கு வெளியே நின்று பார்த்தான். நான் இங்கே பக்கத்து மேட்டுப்பாளையத்தில் மாத்திரை அட்டை கட்டுகிற கம்பெனிக்குப் போகிற நேரத்தில், பக்கத்து வீட்டு செல்வாம்பாள் அக்காதான் வந்து அம்மாவுக்குத் துணி மாற்றுவார். இவன் வந்த பிறகும் அவர்தான் மாற்றினார். புரட்டிப் போட ஒரு கை பிடியேன் என்று கேட்டதற்கு, இவன் கையிலிருந்த சின்னக் கோப்பையைக் காட்டி, ஆறிவிடும் என்றானாம். அப்புறம் 'மெர்சிக்கா' என்று பிரெஞ்சில் ஒரு நன்றி சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான். செல்வாம்பாள் அக்கா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு மிச்சம் இருப்பது சில வார்த்தைகள். தண்ணி, வலி, பாணி. என் பெயர் கலைவாணி. அது போய்விட்டது. காலையில் மெஷின் உறுமி, காபி வாசனை அறைக்குள் நுழைந்தால் அம்மாவின் கண் வாசலுக்குப் போகும். 'பாணி' என்பாள். வாயைத் திறந்து வைத்துக்கொள்வாள். நான் ஸ்பூனில் காபி எடுத்துக்கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவன் கையால் வேண்டும் அவளுக்கு. எனக்கும் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஒரே ஒரு ஸ்பூன், அவன் ஊருக்குப் போவதற்குள். அடுத்த தடவை அவன் வரும்போது அவள் இருப்பாள் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

தினமும் கேட்டேன். நாளைக்கு என்றான். புரையேறிவிட்டால் என்ன செய்வது என்றான். கடைசியில் உண்மையைச் சொன்னான்.

"எனக்கு அந்த வாடை ஒத்துக்கலக்கா. வயித்தப் பெரட்டுது. நான் இன்னா பண்ணட்டும்?"

முதல் வாரம் எனக்கும்தான் புரட்டியது. கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்து மிச்சத்தைக் கழுவினேன். எனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று யார் கேட்டார்கள்?

கிளம்புகிற நாள் காலையில் கொடுக்கிறேன் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டான். தானே போட்டு, பால் ஊற்றி, ஆறவைத்துக் கொடுப்பதாகச் சொன்னான். பிரான்சிலிருந்து கொண்டுவந்த பொடி தீர்ந்துவிட்டது, வேலை முடிந்து வரும்போது நல்ல பொடியாக வாங்கிக்கொண்டு வா என்றான். நான் வழக்கமாக வாங்குகிற கடையில் வழக்கமான பொடியை வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் காபிப் பொடி என்றால் சிக்கரி கலந்ததுதான். கடைக்காரர் கேட்கவும் மாட்டார், நான் சொல்லவும் மாட்டேன். அந்தப் பொடியைக் குடித்து வளர்ந்தவன்தானே, அவனுக்கும் சிக்கரி இல்லாமல் வாங்கு என்று சொல்லத் தோன்றவில்லை.

விடிந்ததும் அம்மாவைத் துடைத்து, பவுடர் போட்டு, துவைத்த நைட்டி மாட்டி, தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். ஜன்னலைத் திறந்து ஊதுவத்தி ஏற்றினேன். சாக்குச் சொல்ல அவனுக்கு ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. ஸ்பூனும் துண்டும் தயார். மெஷின் உறுமியது. அம்மா வாயைத் திறந்தாள்.

உறுமல் முனகலாக மாறியது. ஒரு சொட்டுகூட விழவில்லை. போய்ப் பார்த்தேன். சிக்கரி தண்ணீரில் ஊறிப் பசையாகி வடிகட்டியை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது. அவன் பொறுமையில்லாமல் வடிகட்டியின் கைப்பிடியைத் திருகினான். உள்ளே அடைபட்டிருந்ததெல்லாம் படாரென்று வெடித்து வெளியே வந்தது. சுவர், அடுப்பு, அவன் பனியன், தாடி எல்லாம் பழுப்புக் கூழ். தினமும் காலையில் நான் அம்மாவின் படுக்கையிலிருந்து வழிக்கிறதைப் போலவே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் சிரிக்கவில்லை. தாடியிலிருந்து கொஞ்சம் வழித்து விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தான். நாக்கில்கூட வைத்துப் பார்த்தான்.

"சிக்கரி" என்றான், நான் விஷம் வாங்கி வந்துவிட்ட மாதிரி.

அப்புறம் உட்கார்ந்துவிட்டான். மெஷினைக் கவிழ்த்து, ஸ்க்ரூவைக் கழற்றி, ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தினான். வெறும் விரலை உள்ளே விட்டுக் கூழை வழித்தான். நகமெல்லாம் பழுப்பு. முகம் சுளிக்கவில்லை, மூக்கைப் பொத்தவில்லை. நான் எங்கள் பித்தளை ஃபில்டரில் அதே பொடியைப் போட்டு, பால் கலந்து, ஆற்றி, டம்ளரோடு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"இத நான் அப்புறமா கழுவிக்கிறேன். நீ வந்து ஒரு வாய் ஊத்துடா."

"இப்ப எடுக்கலன்னா உள்ளயே இறுகிடும்க்கா."

"அங்க வாயத் தொறந்துனு குந்தினு இருக்குதுடா அது."

"ஒரு நிமிஷம்" என்றான், தலையைத் தூக்காமல்.

சீ என்றேன். அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அது அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. டம்ளரை அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

விமான நிலையத்துக்குக் கார் வந்துவிட்டது. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான். சட்டை மாற்றினான். நிலைப்படியில் நின்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "வரேம்மா" என்றான். அம்மா வாயைத் திறந்தபடியே அவனைப் பார்த்தாள். அவன் என்னிடம் திரும்பி, மெஷின் நன்றாகக் காய்ந்த பிறகு துணி போட்டு மூடச் சொன்னான். கார் தெருமுனை திரும்பியதா என்றுகூட நான் எட்டிப் பார்க்கவில்லை.

சமையலறைச் சுவரில் இருந்த காபிக் கூழைக் கையாலேயே வழித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. கையைக் கழுவாமலே ஓடினேன். அம்மாவின் வாய் இன்னும் திறந்தே இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. தாடையை மூடிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். நல்லாயிருக்கிற இடது கையால் என் கையை வெடுக்கென்று பிடித்தாள். மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தாள். கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். பவுடர் மேலெல்லாம் பழுப்பு ஈஷிக்கொண்டது.

"பாணி" என்றாள். "பாணி... பாணி..."

இத்தனை மாதத்தில் ஒரு நாளும் அவள் என் கையை இப்படிப் பிடித்ததில்லை. நான் கலைவாணி என்று சொல்ல வாயெடுத்தேன். கையை உதறிவிடலாமா என்றும் இருந்தது. மற்றக் கையால் டம்ளரிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அவள் வாயில் ஊற்றினேன். சிந்தாமல் குடித்தாள். என் கையை விடாமல், கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த ஸ்பூனுக்கு வாயைத் திறந்தாள்.