மெஷின் சும்மா நிற்கக் கூடாது

இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தாலும் என் நாக்கு அழுகட்டும், மிச்சமிருக்கும் பற்களும் கொட்டிப் போகட்டும். பற்களைப் பந்தயம் வைப்பதால் எனக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை என்பாள் என் மனைவி. நடந்ததற்கு அவளே சாட்சி. அவளிடம் போய்க் கேட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

குளிர்காலம் தொடங்குவதற்கு முன் அடித்த காற்றில் எங்கள் முற்றத்து மரம் விழுந்தது. லேசுப்பட்ட மரமில்லை. அதன் நுனி மதிலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுத் தையல்காரரின் கடைக்குள் போய்ப் படுத்தது. அவர் கொஞ்சமும் பதறவில்லை. தைத்து முடித்த சட்டைகளை அதன் கிளைகளில் மாட்டி, ஒரு வாரம் அமோகமாக வியாபாரம் செய்தார்.

ஆள் வைத்து மரத்தை அறுத்தோம். ஒவ்வொரு துண்டும் அண்டா அளவுக்கு இருந்தது. பிளந்தால்தான் அடுப்புக்குள் போகும். நான் கோடாலியை ஓங்கிப் போட்டேன். உள்ளே போன கோடாலி வெளியே வரவில்லை. அதைப் பிடுங்க என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரங்களில் எழுந்து நிற்காதவன். அவன் இழுத்த இழுப்பில் கைப்பிடி மட்டும் வந்தது.

"மாமா, எந்தக் காலத்துல இருக்கீங்க? இதுக்கு மெஷின் வந்திருக்கு," என்றான் கைப்பிடியால் முதுகைச் சொறிந்துகொண்டே. "கட்டையைப் படுக்க வெச்சு லிவரை இழுத்தா போதும். பின்னாலேர்ந்து ஒரு தண்டு தள்ளும், முன்னால இரும்பு ஆப்பு. ரொட்டி மாதிரி ரெண்டாப் போயிடும்."

அன்றைக்குப் போனது வீட்டு நிம்மதி. மெஷினை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

"வாங்கிடுவோம்," என்றேன். "வாடகைங்கிறது அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிற மாதிரி."

"ஆமா, மரம் நம்ம வீட்டுல வாராவாரம் விழப்போகுது," என்றாள் என் மனைவி. "படகு இஞ்சின் வாங்கினீங்களே, என்னாச்சு? நமக்குப் பக்கத்துல இருக்கிற தண்ணியே குழாய்த் தண்ணிதான்."

"அது ஒரு முதலீடு."

"அதுல இப்ப எலி குட்டி போட்டிருக்கு. எலிக்கு நல்ல முதலீடுதான்."

போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது என் சாய்வு நாற்காலியில். நான் இந்த ஆயுளில் வாங்கிய சாமான்களில் உருப்படியானது அது ஒன்றுதான். இதை அவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள். கெட்டி மரம், அகலமான கை. என் முதுகின் மேடு பள்ளமெல்லாம் அதற்கு மனப்பாடம். உலகத்தைப் பற்றிய என் முக்கியமான முடிவுகள் எல்லாம் அதில் சாய்ந்தபடி எடுக்கப்பட்டவை. உலகம்தான் அவற்றைக் கேட்பதில்லை.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது. திரும்ப எடுத்துப்போக ஆள் வரும்வரை மெஷின் நிற்காமல் வேலை செய்தால், அவள் சொன்னது சரி. நடுவில் சும்மா நின்றுவிட்டால், கொடுத்த வாடகை தண்டம், நான் சொன்னது சரி. தோற்றவர் அதைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும்.

காலையில் மெஷின்காரர் வண்டியில் கட்டி இழுத்து வந்தார். "அம்மா, சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன். ஓடினாலும் சரி, நின்னாலும் சரி, ஒரு நாள் வாடகை ஒரு நாள் வாடகைதான்," என்று சொல்லிவிட்டுப் போனார். மனிதர் அந்தக் கடைசி வாக்கியத்தை விழுங்கியிருக்கலாம். அது என் மனைவியின் காதில் போய் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்துவிட்டது.

லிவர் அவள் கையில். மச்சான் கட்டையைத் தூக்கி வைப்பான், அவள் இழுப்பாள், 'படார்'. நான் காபியை ஆற்றி வாயில் வைப்பதற்குள் முழு மரமும் முடிந்து, விறகு கூரைவரை அடுக்கியாயிற்று. அதில் மாட்டியிருந்த கோடாலி இரும்பும் சரிபாதியாகப் பிளந்து இரண்டு கோடாலியாகக் கிடந்தது.

"அக்கா, கட்டை தீர்ந்துபோச்சு," என்றான் மச்சான்.

நான் தொண்டையைச் செருமினேன்.

"என்ன செருமல்? அந்த பெஞ்சைத் தூக்குடா," என்றாள்.

பெஞ்சு போயிற்று. ஏணி போயிற்று. கட்டில் போனபோது, "தரையில படுத்தா முதுகுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றாங்க," என்றாள். எந்த டாக்டர் என்று கேட்க நான் வாய் திறப்பதற்குள் சமையலறைக் கதவு போயிற்று. "கதவு எதுக்கு? நான் உள்ள என்ன ரகசியமா செய்யறேன்?"

சத்தம் கேட்டுத் தெரு கூடிவிட்டது. வாடகை வீணாகக் கூடாது என்ற விஷயத்தில் எங்கள் தெருவுக்கு இருக்கும் ஒற்றுமை வேறெதிலும் இல்லை. அடுத்தவர் வாடகை என்றால் இன்னும் ஒற்றுமை. தையல்காரர் துணி வெட்டும் மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, அது உங்க பொழப்பாச்சே!" என்றேன்.

"இருக்கட்டுங்க. நாளைக்கு மெஷின் இருக்காது, மேஜை எங்க போயிடப்போகுது?" என்றார். சொல்லி முடித்தபோது மேஜை இல்லை. அவர் யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

பொழுது சாயும் நேரம். தெருவில் மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னல்களில் திரை மட்டும் ஆடியது. மச்சானுக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. பிளந்த விறகுகளைச் சேர்த்து ஆணியடித்து, பழையபடி கட்டையாக்கி நீட்டினான்.

"எடுத்துட்டுப் போடா," என்று சீறினாள் அவள். "பந்தயம்னா நியாயமா இருக்கணும். ஒட்டுப்போட்டதெல்லாம் செல்லாது."

மெஷின் வெறுமனே உறுமியது. அவள் கண் மெதுவாக முற்றத்தைச் சுற்றி வந்து, என்மேல் நின்றது. என்மேல் இல்லை, எனக்குக் கீழே.

"என்னங்க, கொஞ்சம் எந்திரிங்க."

"எதுக்கு?"

"சும்மாதான். காலாற நடந்துட்டு வாங்களேன்."

இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். தெருமுனையில் மெஷின்காரரின் வண்டி ஹாரன் கேட்டது. இன்னும் சற்று நேரம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், நாற்காலியும் எனக்கு, பந்தயமும் எனக்கு. ஆனால் ஒரு நாளும் இல்லாத சுறுசுறுப்பு அன்று மச்சானுக்கு. அவன் ஒரு பக்கம், தையல்காரர் ஒரு பக்கம். மேஜை போன ஆத்திரம் அவருக்கு. என்னோடு சேர்த்தே நாற்காலியைத் தூக்கி மெஷின்மேல் வைத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் தண்டு, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஆப்பு, லிவரில் அவள் கை.

"வாடகைதான் சரி," என்றேன்.

"காதுல விழல."

"வாடகைதான் சரி! நீ சொன்னதுதான் சரி! சொந்தமா வாங்குறவன் முட்டாள்!"

தெரு கை தட்டியது. அதே நேரம் மெஷின்காரர் உள்ளே வந்தார். முற்றத்தைப் பார்த்தார். கதவில்லாத வீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்து, "ஐயா, சின்னச் சாமானுக்குக் குறுக்குவாட்டமா வைக்கணும்," என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு, இஞ்சினை அணைக்கக் கை நீட்டினார்.

என் மனைவி லிவரை விடவில்லை. "ஏங்க, இதை விலைக்குக் குடுப்பீங்களா?" என்றாள். நாங்கள் மணமுடித்த நாளிலிருந்து அந்தக் குழைவான குரலை நான் கேட்டதில்லை.

"அதெல்லாம் கூடாது," என்று மெஷின்மேல் உட்கார்ந்தபடியே கத்தினேன். "வாடகைதான் சரின்னு ஊருக்கே சொல்லியாச்சு!"

"சொன்னது நீங்கதானே. நான் சொல்லலையே."

அன்றிலிருந்து வீட்டில் அதே சண்டை, ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு. வாங்கலாம் என்கிறாள் அவள். வாடகையே மேல் என்று, முன்பு அவள் எடுத்து வைத்த நியாயங்களையே நான் அவளுக்குத் திருப்பிச் சொல்கிறேன். எனக்குக் கொள்கை மாறிவிட்டது என்று தெருவில் பேசுகிறார்கள். பேசட்டும். அந்த மெஷின் சொந்தமாக வீட்டுக்குள் வந்தால் என் நாற்காலி ஒரு வாரம் தாங்காது. அவள் விலை விசாரிக்கப் போகும்போதெல்லாம் நான் அதைவிட்டு எழுவதேயில்லை, சாப்பாடுகூட அதில்தான்.

நாங்கள் குடியிருப்பது முற்றமே இல்லாத ஏழாவது மாடி, நாற்பது வருஷமாக வாடகைக்கு.