கறுப்புப் பூச்சு

ஆட்ரியின் தம்பி இன்பநாதனுக்குத் தண்ணீருக்கடியில் வேலை. பம்பாயில் ஒரு கான்ட்ராக்டரிடம் இருந்தான். கப்பலின் விசிறியில் சுற்றிக்கொண்ட கயிறு, அணை மதகில் வந்து அடைக்கும் மரக்கிளை என்று எதற்குக் கூப்பிட்டாலும் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவான். கெண்டைக்காலில் ஒரு கத்தி கட்டியிருக்கும். கடையில் வாங்கும் துருப்பிடிக்காத கத்தி நைலான் வலையிடம் தோற்றுப்போகிறது என்று ஒருமுறை அவன் குறைப்பட்டுக்கொண்டான். அதைக் கேட்டு ஆட்ரியின் கணவர் ஆர்தர் லாரியின் ஸ்பிரிங் வில்பட்டையிலிருந்து அவனுக்கென்றே ஒரு கத்தி செய்தார்.

ஆர்தருக்குத் தளேகாவ் தொழிற்சாலை ஒன்றில் வேலை. லீவு நாளில் காம்ப் பகுதியிலிருந்த வீட்டின் பின்புறம் உட்கார்ந்து கத்தி தேய்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தண்ணீரில் நழுவி விழுந்துவிடக் கூடாதென்று ஃபைபரில் கச்சிதமான உறையும் செய்தார். ஆனால் வில்பட்டை எஃகுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. அதற்கு ஒரு பூச்சு செய்து தருகிறேன் என்று ஆட்ரிதான் முன்வந்தாள். அவள் பெண்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். ஆளிவிதை எண்ணெயும் பிசினும் விளக்குக் கரியும் சேர்த்துக் காய்ச்சி, மெல்லிசாகத் தடவி, கேக் அடுப்பில் சுட்டெடுத்தாள். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் கேக்கில் எண்ணெய் வாடை அடித்ததை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை.

கொடுப்பதற்கு முன் சோதித்தும் பார்த்தாள். அதே எஃகில் ஒரு துண்டுக்கு அதே பூச்சைக் கொடுத்து, பள்ளி லேபில் உப்புத் தண்ணீர் ஜாடிக்குள் நூலில் கட்டித் தொங்கவிட்டாள். வாரக்கணக்கில் கிடந்தும் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. அந்தத் தைரியத்தில்தான் கத்தி இன்பநாதன் கைக்குப் போனது.

ஜாடியை அவள் எடுத்துப்போடவில்லை. எவ்வளவு நாள்தான் தாங்கும் என்று பார்க்க ஆசை. மே மாத லீவுக்கு முன்னால் நூல் இற்றுத் துண்டு அடியில் விழுந்து கிடந்தது. கையில் கிடைத்த செப்புக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டுப் போனாள்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஜூனில் பள்ளி திறந்த அன்று முதல் வேலையாக ஜாடியைப் பார்க்கப் போனாள். தண்ணீர் செங்காவியாக இருந்தது. பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, கம்பி கட்டிய இடத்தைச் சுற்றித் தோல் உரிந்தாற்போல் தொங்கியது. அடியில் துரு புடைத்திருந்தது.

நின்று யோசித்தபோது காரணம் புரிந்தது. செம்பும் எஃகும் தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் கிடந்தால் எஃகுதான் அரிபடும். பூச்சில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் போதும். தப்பு பூச்சில் இல்லை, கம்பியில். அவளுக்கு மூச்சு வந்தது. இதையே பாடமாக்கிவிடலாம் என்று ஜாடியை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

கரும்பலகையில் படம் போட்டு விளக்கினாள். செம்பு என்றில்லை, பித்தளையானாலும் இதே கதிதான் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். கத்தியின் பிடியை ஆர்தர் பித்தளை ஆணி அடித்து இறுக்கியிருந்தார். அழகாக இருக்கும் என்று ஆணியைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை இன்பநாதன் சாப்பிட வந்திருந்தான். துறைமுக வேலை முடிந்து, கடக்வாஸ்லாவுக்கு அப்பால் ஓர் அணைக்கு வந்திருப்பதாகச் சொன்னான். மதகடியில் மரமும் மீன்வலையும் பின்னிக் கிடக்கிறதாம், மழை வலுக்குமுன் எடுத்துவிட வேண்டுமாம். பேச்சோடு பேச்சாக, உறையை விட்டுக் கத்தி வர இப்போது கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்றான். அதுதான் நல்லது, நழுவாது என்றார் ஆர்தர். அவளும் தலையாட்டிவிட்டுக் குழம்பு ஊற்றினாள். உரிந்த பூச்சும் புடைத்த துருவும் அந்த இறுகின உறைக்குள் என்ன செய்யும் என்று இப்போதுதான் கண்முன் தெரிந்தது.

தலைமையாசிரியையிடம் தம்பிக்கு ஆபத்து என்று மட்டும் சொல்லிவிட்டு ரிக்‌ஷா பிடித்து ஸ்வார்கேட் பஸ் நிலையம் போனாள். அரசு எஸ்.டி. பஸ் ஊர்ந்தது. நின்ற இடத்திலெல்லாம் மூட்டைகளை மேலே ஏற்றினார்கள். கடக்வாஸ்லா தாண்டியதும் தூறல் பிடித்தது. கைக்குட்டையை முறுக்கியபடி ஜெபம் சொல்லப் பார்த்தாள். முதல் வரிக்கு மேல் நாக்கு நகரவில்லை. இதற்குள் இறங்கியிருப்பானா? இன்று வேலை இல்லாமலும் இருக்கலாம். மழையென்று நிறுத்தியும் இருக்கலாம். ஒவ்வொன்றாக நினைத்து ஒவ்வொன்றையும் நம்ப முடியாமல் விட்டாள்.

அணைக் காவலாளி உள்ளே விடமாட்டேன் என்றான். அரைகுறை மராத்தியில் தம்பி, தண்ணீர், கத்தி என்று அவள் திக்கியதைப் பார்த்து என்ன தோன்றியதோ, வழி விட்டான்.

மதகுக்கு மேல் இருந்த மேடையில் இஸ்மாயில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்பநாதன் எங்கே இறங்கினாலும் மறுமுனையைப் பிடிப்பவர் அவர்தான். அவன் கீழே போயிருந்தான். மேலே கூப்பிடுங்கள் என்று அவள் ஹிந்தியில் சொன்னாள். வேலை நடுவில் கூப்பிட்டால் கோபப்படுவான் என்று அவர் தயங்கினார். கத்தி உறையை விட்டு வராது என்று அவள் சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்தார்.

பதில் இழுப்பு வரவில்லை.

மறுபடி இழுத்தார். கயிறு எதிலோ மாட்டியதுபோல் விறைத்து நின்றது. இஸ்மாயிலின் முகம் மாறியதை ஆட்ரி பார்த்தாள். மேடையில் தயாராக இருந்த இரண்டாவது ஆளைக் காற்று உருளையை மாட்டச் சொன்னார் அவர். தண்ணீரில் எழும்பிய குமிழிகளை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. அவை வருகிறவரை அவன் மூச்சு விடுகிறான் என்று அர்த்தம். தூறல் விழுந்து தண்ணீரெல்லாம் குமிழியாகத் தெரிய ஆரம்பித்ததும் அந்தப் பிடியும் போய்விட்டது.

இரண்டாவது ஆள் இறங்கப்போன சமயத்தில் கயிறு தளர்ந்தது. கொஞ்சம் தள்ளி இன்பநாதனின் தலை மேலே வந்தது. இழுத்துப் போட்டார்கள். ஒரு காலில் ரப்பர் நீச்சல் துடுப்பு இல்லை. கணுக்காலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. வெகுநேரம் குனிந்தபடியே மூச்சு வாங்கினான். பிறகுதான் அக்காவைப் பார்த்தான்.

"நீ எப்டிக்கா இங்க?"

அவன் காலிலிருந்த உறையைத் தொட்டாள்.

"வரலக்கா. வலை காலச் சுத்திக்கிட்டு. ரெண்டு கையாலயும் இழுத்துப் பாத்தேன், அசையவே இல்ல. துடுப்பக் கழத்தி விட்டுட்டுக் கால உருவிட்டு வந்தேன்." கொஞ்சம் பொறுத்துக் குரலைத் தாழ்த்தினான். "அத்தான்ட்ட சொல்லாதக்கா. உறைய இறுக்கமாச் செஞ்சிட்டோம்னு மனசு ஒடஞ்சு போவாவ."

"உறை இல்ல தம்பி. எம் பூச்சு. அதச் சொல்லத்தான் ஓடி வந்தேன்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் ஆர்தரிடம் மறைக்காமல் சொன்னார்கள். அவர் உறையை வைஸ் இடுக்கியில் கவ்வவைத்து இழுத்தார். கறுப்புச் செதிலும் செம்மண்போல் துருவும் உதிர, கத்தி கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தது. வெகுநேரம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பித்தளையை அடித்தவன் நான்தானே என்றார். தேர்ந்தெடுத்தவள் நான் என்றாள் ஆட்ரி. யாரும் யாரையும் தேற்றவில்லை. மூன்று பேரும் டீ குடித்தார்கள்.

அடுத்த லீவு நாளில் பூச்சு முழுவதையும் ஆர்தர் தேய்த்தெடுத்தார். பித்தளையைத் தட்டி எடுத்துவிட்டு அதே எஃகில் ஆணி அடித்தார். உறையைத் தளர்த்தி, நழுவாமலிருக்க ஒரு வார் வைத்தார். பூச்சே வேண்டாம், கிரீஸ் தடவிக்கொள்ளட்டும், துரு வந்தால் கண்ணுக்குத் தெரியட்டும் என்றாள் ஆட்ரி.

கத்தியைத் தம்பியிடம் கொடுத்தாலும், தினமும் உருவச் சொல்லிப் பாருங்கள் என்று அவள் சொன்னது இஸ்மாயிலிடம்தான். இன்பநாதன் முதலில் சலித்துக்கொண்டானாம். கத்தியை உருவிக் காட்டினாலொழிய தண்ணீருக்குள் கயிற்றை விடமாட்டேன் என்று இஸ்மாயில் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.