குழந்தைசாமிக்கு வந்த எஞ்சின்

மூன்றாவது குழியிலும் இடுப்பளவு தோண்டியதும் தண்ணீர் ஊறியது. உள்ளே நின்ற தம்பி அறிவழகன் மண்வெட்டியை மேலே எறிந்துவிட்டு, கைலியைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தான்.

"இதுவும் கெணறுதான்கா," என்றான்.

சகாயமேரி எட்டிப் பார்த்தாள். கடல் தண்ணீர். முன்பெல்லாம் கல்லறையிலிருந்து கடலுக்கு நடந்தால் மூச்சு வாங்கும். தெற்கே பக்கத்து ஊரில் கரையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். அங்கே மண் நின்றது, இங்கே மண் போனது. மிச்சத்தை இரண்டு புயல்கள் எடுத்துக்கொண்டன. அம்மாவின் கல்லறை இன்னும் தப்பிக் கிடந்தது. அதன் பக்கத்தில்தான் தன்னை வைக்க வேண்டும் என்று அப்பா நூறு தடவை சொல்லியிருந்தார்.

அப்பா குழந்தைசாமி, ஓடையில் நண்டுவலை போட்டவர். நண்டு குறைந்த பிறகு மனு போட்டவர். கடல் சூடாகிவிட்டது, மீன் ஆழத்துக்கு இறங்கிவிட்டது என்றெல்லாம் சொல்லுவார். அதற்கு யார் மேல் மனு கொடுப்பது என்று தெரியாததால், கண்ணுக்குத் தெரிந்த ராஜாங்கத்தின் மேல் கொடுத்தார். ராஜாங்கத்தின் இறால் பண்ணைக் கழிவு ஓடையில்தான் விழுந்தது. அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, நான்கு வருஷமாகத் திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸுக்கு விழுப்புரம் பஸ் ஏறுவார். நாற்றத்துக்குப் பயந்து கண்டக்டரே அவருக்கு ஜன்னல் சீட்டு பிடித்து வைப்பார்.

நேற்றும் திங்கட்கிழமை. சட்டையில் ஒரு கையை நுழைத்தார். மறு கையை நுழைப்பதற்குள் கட்டிலில் சாய்ந்துவிட்டார்.

பெட்டி கோயிலில் காத்திருந்தது. சாமியாருக்கு நாலு மணிக்கு வேறு ஊரில் பூசை. தண்ணீரை இறைத்தால்தான் இறக்க முடியும். உப்பளத்து மோட்டார்கள் கரண்டில் ஓடுபவை; கல்லறையில் கரண்டு இல்லை. டீசல் எஞ்சின் ஒருவரிடம்தான் இருந்தது.

"அந்தாளு எஞ்சினா?" என்றான் அறிவழகன். "அப்பா எழுந்து உக்காந்துடுவாரு."

"உக்காந்தா நல்லதுதாண்டா," என்று சொல்லிவிட்டு மேரி நடந்தாள்.

ராஜாங்கம் பண்ணைக் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையைக் கழுவினார். அப்பா தன் வேலையை மகளிடம் ஒப்படைத்துவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஏம்மா, நேத்து ஆபீஸ்லேர்ந்து போனே வரல. ஒங்கப்பா விழுப்புரம் போகலியா?"

"அப்பா செத்துட்டாருங்க. குழியில தண்ணி ஊறுது. எஞ்சின் வேணும்."

ராஜாங்கம் ஈரக்கையை வேட்டியில் துடைத்தார். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். வாரம் தவறாமல் அவரை நினைத்துக்கொண்ட மனிதர் வேறு யாரும் இல்லை. கடைசியில், குழி எத்தனை அடி என்று மட்டும் கேட்டார்.

குட்டியானை வண்டியில் எஞ்சின் வந்தது. முன் சீட்டில் ராஜாங்கமும் வந்தார். அவரை வா என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவருடைய வேலையாள் குழாயின் ஒரு முனையைக் குழியில் இறக்கினான். மறு முனையை, கைப்பழக்கத்தில், ஓடைப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டான்.

மேரி அந்தக் குழாயைப் பார்த்தாள். அறிவழகன் பார்த்தான். கூடியிருந்த ஊரே பார்த்தது.

"இது சும்மா கடத்தண்ணிதாம்மா," என்றார் ராஜாங்கம்.

"தெரியுங்க."

 அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே குழாயை இழுத்துப் போய் எதிர்ப்பக்கத்து மணலில் போட்டார்.

எஞ்சினை நிறுத்தினால் தண்ணீர் ஏறும் என்பதால் அது ஓட ஓடவே அடக்கம் நடந்தது. சாமியார் ஜெபத்தைக் கத்திச் சொன்னார். 'நித்திய' வரைக்கும் கேட்டது. 'இளைப்பாற்றி'யை எஞ்சின் விழுங்கிவிட்டது. பெட்டியை இறக்கிக் குழாயை உருவியதும், பெட்டி மிதப்பதற்குள் ஊர் முழுவதும் மண்ணைத் தள்ளியது. கைப்பிடி மண் போட வந்தவர்கள் கூடை கூடையாகப் போட்டார்கள். ராஜாங்கம் காலாலும் தள்ளினார். பெட்டி இரண்டு தடவை அசைந்து பார்த்துவிட்டு அடங்கியது.

மேடு கட்டிய பிறகு எல்லாரும் கடல் பக்கத்துக் கல்லறை கேட்டுக்கு வந்தார்கள். சுவரெல்லாம் விழுந்து கேட் மட்டும் தனியாக நின்றாலும், ஊர் அதைத் திறந்துதான் போகும், வரும். செருப்பையும் அதற்கு வெளியேதான் கழற்றி விடும். இன்றைக்கு அங்கே ஒரு ஜோடிகூட இல்லை. ஈர மணல் பளபளத்தது. கடல் கேட் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பியிருந்தது.

மூன்று மணி வெயில். ரோடு வரைக்கும் சுடுமணல். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாமியார் முதலில் குதித்தார். அவருக்குப் பின்னால் ராஜாங்கம், அவருக்குப் பின்னால் கோயில் பங்குப் பேரவைக்காரர்கள், ஒருவர் பின் ஒருவராகத் துள்ளித் துள்ளிப் போனார்கள்.

மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அழாதக்கா," என்று பின்னாலிருந்து அறிவழகன் முதுகைத் தடவினான்.

அவள் திரும்பவில்லை. ஒற்றைச் செருப்பு ஒன்று, கவிழாமல், அலைக்கு அலை ஏறி இறங்கி வடக்கே போய்க்கொண்டிருந்தது.